காத்திருக்கும் புழு

இங்கிலாந்தின் லிவர்பூல் நகரத்தில் வெப்பமண்டல நோய்களுக்கென்றே ஒரு மருத்துவக் கல்லூரி உண்டு. 1970களில் அங்கே பரிசோதனைக்கு வந்த நடுவயது தாண்டிய ஆண்கள் பலர் ஒரே மாதிரியான தொல்லையைச் சொன்னார்கள். இடுப்பிலோ பிட்டத்திலோ தொடையிலோ திடீரென்று ஒரு சிவந்த தடிப்பு எழும்பும். அரிப்பு உயிரை வாங்கும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே தடிப்பு கோடாக நீளும். ஒரு மணி நேரத்தில் விரல் நீளத்துக்கு ஓடிவிடும். ஓரிரு நாளில் சுவடில்லாமல் மறைந்து, சில வாரமோ மாதமோ கழித்து வேறோர் இடத்தில் முளைக்கும். மருத்துவ நூல்கள் இதற்கு வைத்திருக்கும் லத்தீன் பெயர் ‘லார்வா கரன்ஸ்’. ஓடும் புழு என்று பொருள்.

அவர்கள் அத்தனை பேரும் இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரிடம் கைதிகளாக இருந்தவர்கள். பலர் சயாம்–பர்மா ரயில் பாதை போட ஓட்டிச் செல்லப்பட்டவர்கள். மழைக்காட்டில், மலமும் சேறும் கலந்த தரையில், கிழிந்த காலணியோடும் அதுவும் இல்லாமலும் வேலை பார்த்த நாள்களில் உள்ளே போன புழு, முப்பது ஆண்டுகள் கழித்தும் உள்ளேயே இருந்தது. லிவர்பூலில் சோதித்தவர்களில் பத்துப் பேருக்கு ஒருவர் என்ற கணக்குக்கும் மேலாக அது காணப்பட்டது. ஆஸ்திரேலியாவிலும் இதே கதைதான்.

அதே பாதையில் மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட பல்லாயிரம் தமிழர்களும் கல் சுமந்தார்கள். திரும்பாதவர்கள் ஏராளம். திரும்பி வந்தவர்களின் முதுகில் ஓடிய சிவந்த கோட்டை யார் பார்த்தார்கள், யார் எழுதி வைத்தார்கள்? படைவீரனுக்குப் பதிவேடு இருந்தது, ஓய்வூதியம் இருந்தது, லிவர்பூல் இருந்தது. தோட்டத் தொழிலாளிக்கு லயம்தான் இருந்தது.

அந்தப் புழுவின் பெயர் ஸ்ட்ராங்கைலாய்டஸ் ஸ்டெர்கோராலிஸ். பெயர் நாக்கில் சிக்குகிறது என்றால் குற்றம் உங்களுடையதல்ல. இனிமேல் ‘ஸ்ட்ராங்கைலா’ என்று சுருக்கிக்கொள்வோம். 1876இல் பிரான்சின் துலோன் துறைமுகத்தில், இன்றைய தெற்கு வியட்நாமிலிருந்து தீராத வயிற்றுப்போக்கோடு திரும்பிய சிப்பாய்களின் மலத்தில் லூயி நோர்மாந் என்ற கடற்படை மருத்துவர் இதை முதலில் கண்டார். வளர்ந்த பெண்புழு இரண்டு மில்லிமீட்டர் நீளம்தான். சிறுகுடலின் சவ்வுக்குள் புதைந்து, ஆண் துணையே இல்லாமல் முட்டையிடும். முட்டை குடலுக்குள்ளேயே பொரிந்து, குஞ்சுப்புழு மலத்தோடு வெளியேறும்.

வெளியேறினால் வழக்கமான ஒட்டுண்ணிக் கதை. ஆனால் சில குஞ்சுகள் வெளியேறுவதில்லை. பயணத்தின் நடுவிலேயே அவசரமாகத் தோல் உரித்து, தோலைத் துளைக்கும் பருவத்துக்கு மாறி, குடல் சுவரையோ ஆசனவாயைச் சுற்றிய தோலையோ துளைத்துக்கொண்டு அதே உடம்புக்குள் மறுபடி நுழைந்துவிடும். சிவந்த கோடு அதன் நடைபாதை. ஒரு புழு முப்பது வருடம் வாழவில்லை. ஒரே உடம்புக்குள் தலைமுறை தலைமுறையாக வம்சம் ஓடியிருக்கிறது.

ஒரே தாயின் பிள்ளைகள். ஒன்று வெளியே போகிறது, இன்னொன்று உள்ளே திரும்புகிறது. வெளியே போனவற்றிலும் ஒன்று மண்ணில் சுதந்திரமாக வளர்ந்து, இணை சேர்ந்து, குடும்பம் நடத்துகிறது. இன்னொன்று வாயை மூடிக்கொண்டு ஒரு மனிதப் பாதத்துக்காகக் காத்திருக்கிறது. மரபணுக்களில் வித்தியாசம் இல்லை. அப்படியானால் பாதையைத் தேர்ந்தெடுப்பது எது?

விடை ஒரு ஹார்மோன். அது பிடிபட்டது நோயாளிகளிடமிருந்து அல்ல, யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யாத வேறொரு புழுவிடமிருந்து.

*

அழுகிய பழத்திலும் மட்கிலும் பாக்டீரியாவைத் தின்று வாழும் ‘எலிகன்ஸ்’ என்ற நூற்புழுவை, 1960களில் சிட்னி பிரென்னர் கேம்பிரிட்ஜில் தன் ஆய்வுக்குத் தேர்ந்தெடுத்தார். ஒரு மில்லிமீட்டர் நீளம், கண்ணாடி போன்ற உடல், 302 நரம்புச் செல்கள். முட்டையிலிருந்து மூன்று நாளில் தாயாகிவிடும். இரண்டு மூன்று வாரத்தில் கிழடாகிச் செத்துப்போகும். நான்கு இளம்பருவங்கள், ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு தோலுரிப்பு. பாம்பு சட்டை உரிப்பது போலத்தான்.

ஆனால் தீனி குறைந்து, கூட்டம் பெருகி, சூடும் ஏறினால் மூன்றாம் பருவத்துக்குப் பதிலாக அது வேறொரு உருவம் எடுக்கிறது. உடம்பு மெலிந்து இறுகும். வாய் அடைத்துக்கொள்ளும். தோல் தடித்து, சாதாரணப் புழுவைக் கரைத்துவிடும் சோப்புக் கரைசலையே தாங்கும். சேர்த்து வைத்த கொழுப்பை மட்டும் சிக்கனமாக எரித்துக்கொண்டு மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஜெர்மன் மொழியில் நீடிப்பதற்கு ‘டௌவர்’ என்று பெயர். விஞ்ஞானிகள் அதையே இந்தப் பருவத்துக்கும் வைத்துவிட்டார்கள். டௌவராகப் பல வாரம் இருந்த புழுவுக்குத் தீனி கிடைத்தால், வாயைத் திறந்து மிச்சப் பருவங்களை முடித்து, அதற்குப் பிறகும் வழக்கமான ஆயுளை முழுதாக வாழ்கிறது. காத்திருந்த காலம் வயதுக் கணக்கில் சேரவில்லை. 1976இல் இதை அளந்து வெளியிட்டபோது ‘மூப்படையாத பருவம்’ என்றே தலைப்பு வைத்தார்கள்.

கூட்டம் பெருகிவிட்டது என்று மூளை என்ற ஒன்றே இல்லாத, சில நூறு நரம்புச் செல் கொண்ட பிராணிக்கு எப்படித் தெரியும்? வாசனையால். ஒவ்வொரு புழுவும் ஓயாமல் ஒரு வேதிப்பொருளைக் கசியவிடுகிறது. அது அடர்ந்தால் கூட்டம் அடர்ந்தது என்று அர்த்தம். கோல்டன், ரிடில் என்ற இருவர் இந்த வாசனையின் இருப்பை 1982இல் காட்டினார்கள். அதன் வேதி அமைப்பைக் கண்டுபிடிக்க 2005 வரை ஆனது. தென்கொரிய ஆய்வாளர்கள் லிட்டர் லிட்டராகப் புழு வளர்த்துப் பிரித்தெடுத்தார்கள். நம் வீட்டுப் பிள்ளைகள் வயிற்றில் வரும் உருளைப்புழுவான அஸ்காரிஸில் முதலில் கண்ட ஒரு சர்க்கரைதான் அதன் முதுகெலும்பு. அதனால் இந்தக் குடும்பத்துக்கே ‘அஸ்காரோசைடுகள்’ என்று பெயர்.

வாசனை வெளியே இருக்கிறது. தோல், தசை, குடல், நரம்பு என்று உடம்பின் ஏறக்குறைய ஆயிரம் செல்களும் ஒரே நேரத்தில், ஒரே தீர்மானத்துக்கு வர வேண்டும். பாதி உடம்பு வளர, பாதி உடம்பு காத்திருக்க முடியாது. அந்தத் தண்டோராவைப் போடுவதுதான் ஹார்மோனின் வேலை.

டௌவர் ஆகத் தவறிய புழுக்களையும், தேவையே இல்லாமல் டௌவர் ஆன புழுக்களையும் பொறுக்கியெடுத்து, பழுதான மரபணுக்களுக்கு டாஃப்-1, டாஃப்-2 என்று வரிசையாக எண் போட்டிருந்தார்கள். அந்தப் பட்டியலைப் போல லாபம் தந்த பட்டியல் உயிரியலில் குறைவு. டாஃப்-2 பழுதான புழு இரட்டிப்பு ஆயுள் வாழ்கிறது என்று 1993இல் சிந்தியா கென்யன் காட்டியபோது முதுமை ஆய்வே திசை மாறியது. 1997இல் கேரி ரவ்குனின் குழு அது இன்சுலின் ஏற்பியின் உறவு என்று கண்டது. நம் உடம்பில் சர்க்கரையைக் கவனிக்கும் அதே குடும்பம், புழுவில் ‘வளரலாமா’ என்ற கேள்வியைக் கவனிக்கிறது. எல்லாப் பாதைகளும் கடைசியில் போய்ச் சேர்ந்த இடம் டாஃப்-12. செல்லின் கருவுக்குள் உட்கார்ந்து மரபணுக்களைத் திறக்கவும் மூடவும் செய்யும் ஏற்பி அது. நம்முடைய வைட்டமின் டி ஏற்பிக்குத் தூரத்துச் சொந்தம். பூட்டு கிடைத்துவிட்டது. சாவி எங்கே?

சாவியைப் பற்றிய துப்பு சமையலறையில் கிடந்தது என்று சொல்லலாம். நூற்புழுக்களால் கொலஸ்ட்ராலைத் தாமாகத் தயாரிக்க முடியாது. அதனால் ஆய்வகத்தில் புழு வளர்க்கும் ஊடகத்தில் லிட்டருக்கு 5 மில்லிகிராம் கொலஸ்ட்ரால் கலந்துவைப்பார்கள். அதை அறவே நிறுத்தினால் புழு உடனே சாகாது. அடுத்த தலைமுறைக் குஞ்சுகள் டௌவரைப் போன்ற ஒரு நிலையில் உறைந்து நின்றுவிடும். உடம்பு கட்டத்தான் கொலஸ்ட்ரால் என்றால் இத்தனை சொற்ப அளவு எந்த மூலைக்குப் போதும்? அதிலிருந்து வேறு ஏதோ நுட்பமான பொருள் தயாராகிறது. டாஃப்-9 என்ற மரபணு, நம் கல்லீரலில் ஸ்டீராய்டுகளைச் செதுக்கும் நொதிகளின் குடும்பத்தைச் சேர்ந்தது என்றும் தெரிய வந்தது.

2006இல் டல்லாஸில் டேவிட் மாங்கெல்ஸ்டார்ஃபின் ஆய்வகமும் ஆடம் அன்டெபியின் குழுவும் சேர்ந்து சாவியைக் கையில் எடுத்தார்கள். டாஃபாக்ரோனிக் அமிலம். கொலஸ்ட்ராலின் வாலில் ஒரு அமில முனை சேர்ந்த ஸ்டீராய்டு. பார்த்தால் நம் பித்த அமிலங்களின் சாயல். இது டாஃப்-12இல் போய் உட்கார்ந்தால் புழு வளரும், முட்டையிடும். உட்காராவிட்டால் அதே டாஃப்-12 வேறொரு புரதத்தோடு கைகோத்து வளர்ச்சி மரபணுக்களை அடைத்துவிடும். புழு டௌவர் ஆகும். ஆக, வளர்வதற்குத்தான் ஆணை வேண்டும். ஆணை வராவிட்டால் காத்திருக்க வேண்டும். அரசு அலுவலகத்தில் கோப்பு நகர்வதற்கும் இதற்கும் உள்ள ஒற்றுமையை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆணை எங்கிருந்து கிளம்புகிறது? தலையில் உள்ள இரண்டே இரண்டு செல்களிலிருந்து. நிலைமை சாதகம் என்று மோப்ப நரம்புகள் சொன்னால் இந்த இரு செல்களும் டாஃபாக்ரோனிக் அமிலத்தைச் சிறிதளவு சுரக்கும். அது உடம்பெங்கும் உள்ள தோல் செல்களை எட்டும்போது, தோல் செல்களே அதைத் தயாரிக்கத் தொடங்குகின்றன. தெருமுனையில் ஒருவர் சொன்னதை ஊரே திரும்பச் சொல்வது போல, அளவு மளமளவென்று ஏறி ஒரு கட்டத்தைத் தாண்டுகிறது. அதற்குப் பிறகு வாசனை அடர்ந்தாலும் புழு பின்வாங்காது. தயக்கத்தையும் உறுதியையும் ஒரே மூலக்கூறின் அளவு பிரிக்கிறது.

*

டௌவர் சும்மா தூங்கும் பருவம் என்று நினைத்துவிடக் கூடாது. இந்த நூலை எழுதும் சாக்கில் நான் பார்த்த எத்தனையோ நுண்ணோக்கிக் காட்சிகளில் என்னை அசத்தியது இதுதான்: டௌவர்ப் புழு ஒரு பூஞ்சை இழையிலோ மணல் துகளிலோ ஏறி, வால்முனையில் நின்று, உடம்பைத் தூக்கிக் காற்றில் துழாவுகிறது. சாலையோரத்தில் நின்று லாரிக்குக் கை காட்டுபவரின் அதே பாவனை. அந்த வழியாக நத்தையோ மரவட்டையோ போனால் தொற்றிக்கொண்டு புதிய பழத்துக்குப் போய்விடும். இந்த எழுந்து நிற்கும் நடத்தையை இயக்கும் ஆறு நரம்புச் செல்களை 2012இல் சியோல் ஆய்வாளர்கள் அடையாளம் கண்டார்கள். அந்த நரம்புகள் டௌவர் பருவத்தில் மட்டும் கிளைவிட்டுப் படர்கின்றன. புழு மறுபடி வளரத் தொடங்கியதும் கிளைகள் சுருங்கிக்கொள்கின்றன.

இன்னும் விந்தை, கார்பன் டை ஆக்சைடு. வளர்ந்த எலிகன்ஸ் அதன் வாடை பட்டால் விலகி ஓடும். டௌவரோ அதை நாடி வரும். இரண்டிலும் உணரும் நரம்பு ஒரே ஜோடிதான். மூக்கு மாறவில்லை, வாசனையின் பொருள் மாறிவிட்டது. வளர்ந்த புழுவுக்குக் கார்பன் டை ஆக்சைடு என்றால் நெரிசல், மூச்சுத்திணறல். சவாரி தேடும் புழுவுக்கு அது மூச்சுவிடும் ஒரு பிராணி.

ஒட்டுண்ணி எப்படிப் பிறந்திருக்கும் என்று யோசிப்பவர்களுக்கு இந்த இடத்தில் பொறி தட்டாமல் போகாது. தோலைத் துளைக்கும் ஒட்டுண்ணியின் இளம்புழுவும் மூன்றாம் பருவம்தான். வாய் மூடியது, தோல் தடித்தது, கொழுப்பில் காலம் தள்ளுவது, அசைவுக்கு விழித்துக்கொள்வது. ஏதோ ஒரு பூர்வகாலப் புழு, சவாரிக்காகத் தொற்றிய பிராணிக்குள்ளேயே தங்கிவிட்டிருக்கலாம். பாடநூல்கள் அந்தப் பிராணியை ‘விருந்தோம்பி’ என்கின்றன. அழைக்காத விருந்துக்கு இத்தனை அழகான சொல்!

உருவ ஒற்றுமை மட்டும் போதாது. உள்ளே ஓடும் ஹார்மோனும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். 2009இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே பார்த்தன. ஜெர்மனியின் டூபிங்கனில், ஆட்டுக் குடலில் வாழும் ஸ்ட்ராங்கைலா இனம் ஒன்றின் குஞ்சுகளுக்கு டாஃபாக்ரோனிக் அமிலம் கொடுத்தார்கள். ஒட்டுண்ணியாகப் போக வேண்டிய குஞ்சுகள் மண்ணில் வாழும் சுதந்திரப் புழுக்களாக வளர்ந்துவிட்டன. இயற்கையில் ஒரே ஒரு சுதந்திரத் தலைமுறைதான் அதற்கு உண்டு. ஒரு துளி ஸ்டீராய்டு இன்னொன்றைச் சேர்த்துக் கொடுத்தது. டல்லாஸ் குழு, மனிதரைத் தாக்கும் ஸ்ட்ராங்கைலாவில் அதே பலனைக் கண்டது. ஏற்கெனவே தயாராகிக் காத்திருந்த துளைக்கும் புழுக்களும் அமிலம் பட்டதும் வாய் திறந்து தின்னத் தொடங்கின. ஆள் கிடைத்துவிட்டதாக எண்ணி ஏமாந்த புழுக்கள் அவை.

எல்லாமே அச்சாக ஒன்று என்று சொல்லிவிடவும் முடியாது. வளர்ச்சியைத் தூண்ட எலிகன்ஸ் பயன்படுத்தும் ஒரு புரதச் சமிக்ஞை டௌவர் பருவத்தில் அணைந்துவிடும். ஸ்ட்ராங்கைலாவிலோ அதன் உறவுப் புரதம் காத்திருக்கும் பருவத்தில்தான் உச்சத்தில் இருக்கிறது. பரிணாமம் பழைய வீட்டின் ஒயரிங்கைப் பிரித்து மாற்றிப் போட்டிருக்கிறது. கடைசி சுவிட்சில் மட்டும் கை வைக்கவில்லை.

*

காத்திருக்கும் புழு பாதத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

முதலில், இத்தகைய புழுக்கள் தோல் வழியாகத்தான் வருகின்றன என்பதே தற்செயலாகத் தெரிந்தது. 1890களின் பின்பாதியில் கெய்ரோவில் ஆர்தர் லூஸ் என்ற ஜெர்மானியர் கொக்கிப்புழுவை ஆராய்ந்துகொண்டிருந்தார். புழுக்குஞ்சு நிறைந்த நீர் கையில் சிந்தியது. சிந்திய இடம் சிவந்து எரிந்தது. சில மாதம் கழித்துத் தன் மலத்தையே சோதித்தபோது கொக்கிப்புழுவின் முட்டைகள். வாய் வழியாகத்தான் தொற்றுகிறது என்று நம்பிக்கொண்டிருந்த மருத்துவ உலகம் அவரை நம்பச் சில ஆண்டுகள் பிடித்தது.

ஸ்ட்ராங்கைலாவின் துளைக்கும் புழுவுக்கு முக்கால் மில்லிமீட்டர்கூட நீளமில்லை. கண் இல்லை. ஆனால் வெப்பத்தை மிக நுட்பமாக உணரும். சூடு மெல்ல ஏறும் ஒரு தட்டில் விட்டால் உடல்வெப்பத்தை நோக்கி விரைந்து ஊர்கிறது. வியர்வையிலும் தோலிலும் உள்ள வாசனைகள் இழுக்கின்றன. நம் தோலில் நிறைந்துள்ள யூரோகானிக் அமிலம் அவற்றில் ஒன்று. மலக்குவியலிலிருந்து விலகிப் போகவும் வேண்டும். அங்கே பாதம் வராது. இங்கேதான் கார்பன் டை ஆக்சைடு இன்னொரு திருப்பம் எடுக்கிறது. கலிபோர்னியாவில் எலிசா ஹாலெமின் ஆய்வகம் காட்டியபடி, மண்ணில் காத்திருக்கும் ஸ்ட்ராங்கைலா புழுவுக்குக் கார்பன் டை ஆக்சைடு பிடிக்காது, விலகுகிறது. உடம்புக்குள் நுழைந்து விழித்த பிறகு அதையே நாடிப் போகிறது. மட்கும் மலம் அந்த வாயுவை விடுகிறது. நம் ரத்தமும் நுரையீரலும் குடலும்கூட. வெளியே விரட்டிய வாசனை உள்ளே வழிகாட்டியாகிவிடுகிறது.

நுழைந்த கணத்திலிருந்து புழுவின் உடம்புக்குள் வேறு பருவம். 37 டிகிரி வெப்பம், வாயு, திசுக்களின் வேதிச் சூழல் எல்லாம் சேர்ந்து உறக்கத்தைக் கலைக்கின்றன. டாஃபாக்ரோனிக் அமிலம் சுரக்கிறது, வாய் திறக்கிறது. அதோடு தேடலும் முடிகிறது. ஆள் தேடும் புத்தியும் வளரும் புத்தியும் ஒரே புழுவில் ஒரே நேரத்தில் இருப்பதில்லை.

உள்ளே போனதும் வளர்ந்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. கல்கத்தாவுக்கு அருகே வங்காளக் கிராமங்களில் ஜெரால்ட் ஷாடும் அவரோடு சேர்ந்த இந்திய ஆய்வாளர்களும் செய்த வேலை 1973இல் வெளியானது. மழைக்காலத்தின் பின்பாதியில் தொற்றும் ஒருவகைக் கொக்கிப்புழு, மனித உடம்புக்குள் நுழைந்தும் வளராமல் மாதக்கணக்கில் உறைந்து கிடக்கிறது. வறண்ட மாதங்களில் முட்டையிட்டுப் பயனில்லை, மண்ணில் கருகிவிடும். அடுத்த பருவமழை நெருங்கும் வேளையில் விழித்து, முட்டைகள் ஈரமண்ணில் விழும்படி வளர்கிறது. பஞ்சாங்கம் பார்த்துப் பயிர்செய்யும் குடியானவரின் கணக்கு அது.

தெருநாய்க் குட்டிகள் பிறக்கும்போதே உடம்பில் புழுவோடு பிறப்பதும் இதே குடும்பக் கதை. தாய்நாயின் தசைகளில் எங்கோ உறைந்து கிடந்த இளம்புழுக்கள், அது சினைப்பட்டதும் விழிக்கின்றன. ஒரு இனம் நஞ்சுக்கொடி வழியாகக் குட்டியை அடைகிறது. நாய்க் கொக்கிப்புழு பாலோடு போகிறது. தாய் தன் குட்டிக்காகச் சுரக்கும் ஹார்மோன்களின் மாற்றத்தைப் புழு ஒட்டுக்கேட்கிறது.

*

புழுவின் ஹார்மோன் ஒரு ஸ்டீராய்டு. நம் மருந்துப் பெட்டியிலும் ஸ்டீராய்டுகள் இருக்கின்றன. ஆஸ்துமாவுக்கு, மூட்டுவாதத்துக்கு, மாற்றுச் சிறுநீரகம் வைத்தவர்களுக்கு, புற்றுநோய்க்கு. மருத்துவர்கள் வெகுகாலமாக ஒன்றைக் கவனித்து வந்திருக்கிறார்கள்: ஸ்ட்ராங்கைலா இருப்பதே தெரியாமல் பல பத்தாண்டுகள் நலமாக வாழ்ந்தவர், ஸ்டீராய்டு தொடங்கிய சில வாரங்களில் திடீரென்று சாகக் கிடக்கிறார். குடலில் லட்சக்கணக்கான குஞ்சுகள் வெளியேறாமல் துளைக்கும் பருவத்துக்கு மாறி, நுரையீரல், மூளை என்று பரவுகின்றன. குடல் பாக்டீரியாவும் கூடவே ரத்தத்தில் ஏறுகிறது. கவனிக்காமல் விட்டால் பிழைப்பவர்கள் சிலரே.

நோய் எதிர்ப்பு குறைந்ததால் புழு பெருகிவிட்டது என்பதே பாடநூல் விளக்கம். ராபர்ட் ஜென்டா என்பவர் 1992இல் ஒரு மாற்றுக் கருத்தை முன்வைத்தார். எய்ட்ஸ் நோயாளிகளுக்கும் எதிர்ப்பு குறைகிறது. ஆனால் அவர்களிடம் இந்தப் பேரழிவை எதிர்பார்த்த அளவுக்குக் காணோம். ஸ்டீராய்டு எடுப்பவர்களிடம் மட்டும் ஏன்? ஒருவேளை அந்த மருந்தைப் புழு தன் ஹார்மோனைப் போலப் படித்துக்கொள்கிறதோ?

இதைச் சோதிக்க, எதிர்ப்பு மண்டலமே ஏறக்குறைய இல்லாத எலிகள் தேவைப்பட்டன. 2018இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அப்படிப்பட்ட எலிகளில் ஸ்ட்ராங்கைலாவை வளர்த்தார்கள். குறைப்பதற்கு எதிர்ப்பு எதுவும் மிச்சமில்லாத அந்த எலிகளுக்கு மெத்தில்பிரெட்னிசலோன் ஸ்டீராய்டு கொடுத்தபோது, உள்ளே திரும்பும் குஞ்சுகள் பெருகின. டாஃபாக்ரோனிக் அமிலம் கொடுத்தபோது அடங்கின. எதிர்ப்புக் குறைவு கதையின் ஒரு பாதிதான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை.

வளர்ச்சிக்கான ஹார்மோனைக் கொடுத்துப் புழுவை அடக்குவது முதல் பார்வைக்கு முரணாகப் படும். ஆனால் கொல்லும் பருவம் எது என்று யோசித்தால் முரண் இல்லை. ஆபத்தானது துளைக்கும் புழு. அது காத்திருக்கும் பருவத்தின் வாரிசு. அங்கே போகவிடாமல் குஞ்சை வளர்ச்சிப் பாதையில் தள்ளிவிட்டால், குடலுக்குள் அந்தப் பாதைக்கு எதிர்காலம் இல்லை. 2021இல் மாங்கெல்ஸ்டார்ஃப் குழு, ஸ்ட்ராங்கைலா தானாகச் சுரப்பதும் இதே அமிலம்தான் என்று உறுதிசெய்தது. நோய் முற்றிய ஜெர்பில் என்ற பாலைவன எலிகளுக்கு இதை ஐவர்மெக்டினோடு சேர்த்துக் கொடுத்தபோது, ஐவர்மெக்டின் தனியாகச் செய்ததைவிடப் புழுக்கள் நன்றாகக் குறைந்தன. மனிதர்களுக்கான மருந்தாக இது இன்னும் கடைக்கு வரவில்லை. வரும்வரை நமக்கு ஐவர்மெக்டின்தான். அதைக் கண்டுபிடித்த ஒமுராவுக்கும் கேம்பலுக்கும் 2015இல் நோபல் கிடைத்தது சரியான தீர்ப்பு.

இந்தியப் பள்ளிகளில் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் குடற்புழு நீக்க நாளன்று பிள்ளைகளுக்குக் கொடுப்பது அல்பெண்டசோல் மாத்திரை. உருளைப்புழுவுக்கும் கொக்கிப்புழுவுக்கும் அது நல்ல மருந்து. ஸ்ட்ராங்கைலா ஒற்றை அல்பெண்டசோலுக்கு அவ்வளவாக மசியாது. உலகில் 30 கோடிக்கும் மேற்பட்டவர்களிடம் அது இருக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெரும்பாலோர் எந்தத் தொந்தரவும் இல்லாமல் சுமந்துகொண்டிருக்கிறார்கள். 2020இல் டெக்ஸாமெதசோன் கோவிட் நோயாளிகளின் உயிரைக் காக்கிறது என்று தெரிந்து உலகமெங்கும் லட்சக்கணக்கானவர்களுக்கு அது கொடுக்கப்பட்டபோது, வெப்பமண்டல நோய் மருத்துவர்கள் அவசரமாக நினைவூட்டியது இந்தப் புழுவைத்தான்.

ஆகவே வாசகருக்கு ஒரு வேண்டுகோள். உங்களுக்கோ வீட்டுப் பெரியவருக்கோ நீண்ட நாள் ஸ்டீராய்டு தொடங்கப்போகிறார்கள் என்றால், வயலிலோ தோட்டத்திலோ வெறுங்காலோடு வேலை செய்த காலத்தை, அது ஐம்பது வருடத்துக்கு முந்தியதாக இருந்தாலும், மருத்துவரிடம் சொல்லுங்கள். சாதாரண மலப் பரிசோதனை ஒரு முறை ‘இல்லை’ என்றால் அதோடு விட்டுவிட வேண்டாம். குஞ்சுகள் எண்ணிக்கையில் குறைவு, எளிதில் கண்ணுக்குத் தப்பிவிடும். இதற்கு ரத்தப் பரிசோதனையும் உண்டு. கேளுங்கள்.